எச்சில் படாத மேஜை

அத்தியாயம் 11

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டதும் பெரியவள் அடுப்பைத் தணித்தாள். ஆனால் ஜன்னல் பக்கம் போகவில்லை. போனால், எதிர்பார்த்துக் காத்திருந்தது போல ஆகிவிடும்.

"உன் தங்கச்சி வந்தாச்சு," என்று ஹாலிலிருந்து குரல் கொடுத்தார் அவள் கணவர். "காரோட பின்பக்கம் தரையைத் தேய்க்குது. வீட்டையே காலி பண்ணிக்கிட்டு வந்துட்டா போல."

"வரட்டும். நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?"

"வாயால சொல்லல."

அவர் லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்துக்குள் நுழைந்ததுமே, எந்த மாடியில் யார் மாட்டிக்கொண்டு கத்துகிறார்கள் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். மனைவி விஷயத்தில் அவருக்குக் கவலை என்னவென்றால், நான்கு நாளாக அவள் சத்தமே போடவில்லை.

அந்த நான்கு நாளுக்கு முன்னால் நடந்தது இதுதான். பெரியவளின் ஒரே மகள் குட்டிக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. பையன் கால்நடை டாக்டர். அவளே பார்த்துப் பிடித்தவன். அவனும் அவன் அப்பா அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை மதியம் முதல் தடவையாக இந்த வீட்டுக்குச் சாப்பிட வருவதாகப் பேச்சு. பெரியவள் கொடியில் துணி எடுக்கப் போனபோது, மகள் பால்கனியில் நின்று ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, அன்னைக்கு மேஜையை நீயே அலங்காரம் பண்ணிடு. அம்மாகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன்."

பக்குவமாகவும் சொல்லவில்லை, பக்குவம் இல்லாமலும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டு, அவரை அனுப்பினாள்.

அதைத்தான் பெரியவளால் விழுங்கவே முடியவில்லை. ஏனென்றால், மேஜை என்றால் அவள். தெருவில் அவளுக்குத் 'தட்டுக்காரம்மா' என்றே பேர். திரைச்சீலைக் கடையில் நாள் முழுக்கத் தைத்துவிட்டு, சனிக்கிழமை ஆனால் பழைய சாமான் கடைகளில் போய் நிற்பாள். யார் வீட்டிலோ கழித்துப் போட்ட தட்டு, ஜோடி போன கோப்பை, மூடி தொலைந்த ஜாடி என்று ஒவ்வொன்றாகத் தூசி துடைத்து எடுத்து வருவாள். வீட்டில் வைத்துப் பார்த்தால் அதற்கெல்லாம் புதிதாக ஒரு குடும்பம் அமைந்திருக்கும்.

சாம்பல் நிறத் தட்டுகளும் நீர்த்துளி போல் புள்ளி வைத்த கண்ணாடி டம்ளர்களுமாக அவள் போட்டது 'மழை மேஜை'. மஞ்சளும் வெள்ளையுமாக 'எலுமிச்சை மேஜை'. ரயிலில் சாப்பாடு பரிமாறி ஓய்ந்துபோன கனத்த கோப்பைகளைச் சேர்த்து 'ரயில் மேஜை'. அதைப் பார்க்கப் பக்கத்து வீட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

சின்னவளுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. மருந்துக்கடை நடத்துபவள்; கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். "சனிக்கிழமை பொழுதே போகல அக்கா" என்று சொல்லித் துணைக்கு வந்தாள். வந்தவள் ஒரு தட்டு வாங்கினாள். அப்புறம் இன்னொன்று. இப்போது அவள் போடும் மேஜைகளை ஃபோனில் பார்த்து, முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் இதயம் இதயமாக அனுப்புகிறார்கள். அதில் முதல் இதயம் எப்போதும் குட்டியுடையது. பெரியவள் அதைப் பார்க்கக் கூடாது என்று நினைப்பாள். பார்த்துவிட்டுத்தான் அப்படி நினைப்பாள்.

"அக்கா!"

சின்னவள் மார்போடு ஓர் அட்டைப்பெட்டியை அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பின்னால் குட்டி, இன்னொரு பெட்டியோடு. இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டே வந்தார்கள். வாசலில் ஆரம்பித்த சிரிப்பு, பெரியவளைப் பார்த்ததும் பாதியில் நின்றது.

"என்ன அக்கா, முன்ரூம்ல ஏதோ வெள்ளைத் துணி போட்டு மூடி வச்சிருக்கே? யாரோ படுத்திருக்கற மாதிரி இருக்கு!"

"டீ மேஜை," என்றாள் பெரியவள். "சாப்பாடு முடிஞ்சதும் டீ அங்கதான்."

யாரையும் கேட்டு அவள் அந்த முடிவை எடுக்கவில்லை. விடிந்ததும் விடியாததுமாக எழுந்து போட்டு மூடியும் வைத்துவிட்டாள். சாப்பாட்டு மேஜை அவளுக்கு என்றால், டீ மேஜை எனக்கு.

குட்டியின் முகம் மாறியது. சின்னவளோ, "அட, ரெண்டு மேஜையா? ஜமாய்ச்சிடலாம்!" என்றாள்.

அவள் கொஞ்சமாவது முகம் சுளித்திருந்தால் பெரியவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

* * *

சமையலறையிலிருந்து பார்த்தால் சாப்பாட்டு மேஜை நேராகத் தெரியும். பெரியவள் உருளைக்கிழங்கு சீவுவது போல் நின்று, கண்ணை அங்கேயே வைத்திருந்தாள்.

சின்னவள் ஒரு வெளுத்த பச்சைத் துணியை விரித்தாள். இஸ்திரி போடவில்லை. மடிப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. திரைச்சீலை தைக்கிறவள் கண்ணுக்கு அது வலித்தது. ஓடிப்போய் இழுத்துவிட வேண்டும் போல விரல் துறுதுறுத்தது.

பெட்டியிலிருந்து தட்டுகள் வந்தன. வெண்ணெய் நிறத் தட்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பறவை. ஒரே கம்பெனி செய்தவைதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கடையிலிருந்து, ஒவ்வொரு காலத்தில் சேர்ந்தவை. மரங்கொத்தி, கொக்கு, காடை, புறா, சிட்டுக்குருவி, ஆந்தை.

"ஆந்தைக்கு ஓரத்துல கொஞ்சம் உடைஞ்சிருக்கு குட்டி. உங்க அப்பாவுக்கு வச்சிடுவோம். அவருக்கும் ஒரு காது சரியில்ல."

"கேட்டுச்சு, கேட்டுச்சு!" என்றார் லிஃப்ட்காரர்.

பழுப்புத் துணியைச் சுருட்டிச் சுருட்டிக் கூடு மாதிரி செய்து, ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஓர் உருண்டை ரொட்டியை முட்டை போல வைத்தாள் சின்னவள். தெருவோர மரத்திலிருந்து ஒடித்து வந்த சுள்ளிகளைப் பால் குவளையில் நிறுத்தினாள். ஒரு சுள்ளி கோணலாகச் சாய்ந்தது. அதை அப்படியே விட்டாள்.

நன்றாக இருந்தது. அதுதான் பெரியவளுக்கு வயிற்றெரிச்சல். மோசமாக இருந்திருந்தால் அவளே போய் உதவி செய்திருப்பாள்.

"ஏழு பேருக்கு ஆறு பறவைதான் இருக்கு," என்றாள் சின்னவள். "மீன்கொத்தி மட்டும் கிடைக்கவே மாட்டேங்குது அக்கா. தேடாத கடை இல்ல. பரவாயில்ல, எனக்கு ஒரு வெள்ளைத் தட்டு குடு. நான் ஓரமா உட்கார்ந்துக்கறேன்."

பெரியவளின் கத்தி உருளைக்கிழங்கில் நின்றுவிட்டது.

மீன்கொத்தி இந்த வீட்டில்தான் இருந்தது. உள்ளறை அலமாரியில், கீழ்த்தட்டில், ஒரு பழைய சால்வைக்குள்.

சில மாதங்களுக்கு முன்னால், பழைய சாமான் கடைக்காரர்தான் அதை எடுத்து நீட்டினார். ஒரு காலத்தில் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் கப்பல்காரர். "உங்க தங்கச்சி தவியாத் தவிச்சாங்களே, இதுக்குத்தான். எடுத்து வச்சேன். நீங்களே குடுத்துடறீங்களா?" என்றார்.

"குடுத்துடறேன்," என்று வாங்கிக்கொண்டாள். அப்போது அவள் மனதில் ஒரு கள்ளமும் இல்லை. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, தங்கை முகம் எப்படி மலரும் என்றுகூட நினைத்துப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஃபோனில் ஒரு படம் வந்தது. சின்னவள் புதிதாகப் போட்ட மேஜை. சாம்பல் நிறத் தட்டுகள். புள்ளி வைத்த டம்ளர்கள். கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'என்ன ஒரு கற்பனை! மழையையே மேஜைக்குக் கொண்டுவந்துட்டீங்களே!'

சின்னவள் அதற்கு நன்றி சொல்லியிருந்தாள். இது என் அக்காவின் யோசனை என்று ஒரு வார்த்தை எழுதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெரியவள் மீன்கொத்தியைச் சால்வையில் சுற்றினாள். 'நாளைக்குக் குடுக்கலாம்' என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நாளை வந்து வந்து போனது.

"அம்மா, கை துடைக்கற துணி இன்னும் ரெண்டு வேணும். எங்க இருக்கு?" என்று குட்டி கேட்டாள்.

"உள்ள அலமாரியில, கீழ்த்தட்டுல." வாய் சொல்லி முடித்த பிறகுதான் மனசு கேட்டது. "இரு, நான் எடுத்துத் தர்றேன். குட்டி! இருடி!"

குட்டி போய்விட்டிருந்தாள்.

* * *

பெரியவள் உள்ளறைக்குள் நுழைந்தபோது, சால்வை கட்டில்மேல் விரிந்து கிடந்தது. குட்டி இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீல முதுகும் நீண்ட அலகுமாக மீன்கொத்தி அம்மாவைப் பார்த்தது.

"இது எப்போ வந்தது?"

பெரியவள் சால்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"சித்தி இதைத்தான் தேடறான்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஒளிச்சு வச்சே?"

"தெரிஞ்சதாலதான்," என்றாள் பெரியவள். சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததும் கோபம் வந்தது. "என்னைக் கேள்வி கேக்க வந்துட்டே. நீ முதல்ல எனக்குப் பதில் சொல்லு. உன் விஷயத்துக்கு, என் வீட்டுல, என் மேஜைக்கு, அவளை எதுக்குக் கூப்பிட்டே? நான் என்னடி குறை வச்சேன்?"

குட்டி தட்டைக் கட்டில்மேல் வைத்தாள்.

"சொன்னா அழுவே."

"அழ மாட்டேன். சொல்லு."

"உன் மேஜையில நான் சாப்பிட்டதே இல்லம்மா."

பெரியவளுக்குப் புரியவில்லை. "என்னடி உளர்றே?"

"ஒரு தடவைகூட இல்ல. நீ அழகா அலங்காரம் பண்ணுவே. நாங்க சுத்தி நின்னு பாப்போம். பக்கத்து வீட்டுக்காரங்க வந்து பாப்பாங்க. நீ ஃபோட்டோ எடுப்பே. அப்புறம் எல்லாத்தையும் துடைச்சு உள்ள வச்சிடுவே. நானும் அப்பாவும் சமையல் மேடையில நின்னுக்கிட்டு எவர்சில்வர் தட்டுல சாப்பிடுவோம். என் பிறந்தநாளுக்கு எலுமிச்சை மேஜை போட்டியே, அன்னைக்குக் கேக்கை எங்க வச்சு வெட்டினோம்னு ஞாபகம் இருக்கா?"

"எங்க?"

"ஃப்ரிட்ஜ் மேல. அப்பா என்னைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டார்."

பெரியவள் வாயைத் திறந்தாள். "உடைஞ்சா திரும்பக் கிடைக்காதுடி. அதெல்லாம் ஒவ்வொண்ணா..."

"தெரியும்மா. சித்தி வீட்டுல நான் எவ்வளவோ உடைச்சிருக்கேன்."

பெருமையாகச் சொன்னாள். ஏதோ சித்தி வீட்டில் பரிசு வாங்கினது போல. பெரியவளுக்கு அதுதான் சுருக்கென்று பட்டது. தன்னிடம் ஒரு கோப்பைகூட உடைக்காமல் வளர்ந்த பெண், இன்னொரு வீட்டில் போய்த் தாராளமாக உடைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அவள் அழவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு நடந்தாள்.

"இந்தா."

சின்னவள் திரும்பினாள். தட்டைப் பார்த்தாள். கையிலிருந்த சுள்ளியைக் கீழே போட்டாள்.

"ஐயோ... அக்கா! மீன்கொத்தி! எங்க கிடைச்சது?"

"கப்பல்காரர் கடையில."

"எப்போ?"

குட்டி அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. "கொஞ்ச நாள் ஆச்சு," என்றாள். "இன்னைக்குக் குடுத்தா நல்லா இருக்கும்னு வச்சிருந்தேன்."

சின்னவள் அவளைக் கட்டிக்கொண்டாள். மருந்துக்கடை வாசனையும் சுள்ளியின் பச்சை வாசனையுமாக அவள் தோள் பெரியவளின் கன்னத்தில் அழுந்தியது. "உன்னை மாதிரி யாரு அக்கா செய்வாங்க?" என்றாள் சின்னவள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"நீதான் இதுல சாப்பிடணும்," என்று சொல்லி மீன்கொத்தியைப் பெரியவளின் இடத்தில் வைத்தாள்.

* * *

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். அதிலும் பெரியவளுக்குக் குறை கண்டுபிடிக்க வழியில்லாமல் போனது.

பையனின் அப்பா பேக்கரி வைத்திருப்பவர். மாவு பிசைந்து பிசைந்து கை இரண்டும் தலையணை மாதிரி இருந்தன. அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். லிஃப்ட்காரர் குழம்புக் கிண்ணத்தை வேகமாக நகர்த்தியபோது, அந்த அம்மா தன்னை அறியாமல் பிரேக் போடுவது போல வலது காலால் தரையை அழுத்தி, "மெதுவா, மெதுவா!" என்று கத்திவிட்டார். மேஜையே சிரித்தது.

அப்புறம் எல்லாரும் தங்கள் தட்டில் இருக்கும் பறவையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பேக்கரிக்காரர் கோழி வறுவலை ஓரமாகத் தள்ளித் தள்ளி, "எனக்கு என்ன வந்திருக்கு? காலு மட்டும்தான் தெரியுது. ஓ, கொக்கா!" என்றார்.

பையன் தன் தட்டைக் காட்டினான். "இந்த மரங்கொத்திக்குக் காலை தப்பாப் போட்டிருக்காங்க. முன்னாடி ரெண்டு விரல், பின்னாடி ரெண்டு விரல் இருக்கணும். இதுக்கு முன்னாடி மூணு இருக்கு. மரத்துல ஏறினா நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் வரும்."

"உங்ககிட்டதான் வரும்," என்றாள் சின்னவள். "ஃபீஸ் வாங்காதீங்க. எங்க வீட்டுப் பறவை."

குட்டி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ரொட்டித் தூள் பச்சைத் துணியெங்கும் சிந்திக் கிடந்தது. குழம்பு ஒரு சொட்டு மடிப்புக் கோட்டின் மேலேயே விழுந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை, ஒருத்தியைத் தவிர.

"நிஜமாவே உங்களைப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை," என்றார் பையனின் அம்மா. பெரியவள் நிமிர்ந்தாள். அவர் பார்த்தது சின்னவளை. "எங்க வீட்டுக்கு வந்தா இவ வாயில எப்பவும் சித்தி, சித்திதான். சித்தி இதைச் சொன்னாங்க, சித்தி அதைச் செஞ்சாங்க. என் பையனுக்கே கொஞ்சம் பொறாமை!"

எல்லாரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் வாயை எப்படி மூடுவது என்று தெரியவில்லை. தட்டில் மீன்கொத்தி குழம்புக்குள் மூழ்கிக்கொண்டிருந்தது.

'இருங்கடி,' என்று நினைத்தாள். 'டீ நேரம் வரட்டும்.'

வந்தது. "டீ அந்த ரூம்ல," என்று சொல்லி எழுந்தாள். எல்லாரும் பின்னால் வந்தார்கள். வெள்ளைத் துணியின் இரண்டு முனையைப் பிடித்து மெல்ல உருவினாள்.

கடல்.

மேஜைமேல் கடல் இருந்தது. கரும்பச்சையிலிருந்து வெளிர் நீலம் வரை, அலை அலையாக அடுக்கின தட்டுகள். மீன் வடிவத்தில் ஒரு நீளத் தட்டு, அதன் செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. சிப்பி போல வரிவரியான கிண்ணங்கள். வெளிச்சம் ஊடுருவிப் போகும் அளவுக்கு மெல்லிய கோப்பைகள். உள்பக்கம் மட்டும் முத்து நிறம். துணியில் ஒரு சுருக்கம் இல்லை. கரண்டிகள் நூல் பிடித்தது போல நின்றன.

சின்னவள்கூட மூச்சை இழுத்தது கேட்டது. பெரியவளின் நெஞ்சு நிறைந்தது.

"கண்காட்சி மாதிரி இருக்கு!" என்றார் பையனின் அம்மா, தணிந்த குரலில்.

"உட்காருங்க, உட்காருங்க."

உட்கார்ந்தார்கள். பேக்கரிக்காரர் கையைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டார். பையன் முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டான். டீ ஊற்றியாகிவிட்டது. பேக்கரிக்காரர் துணிந்து கோப்பையைத் தூக்கப் போனார்.

"காதைப் பிடிச்சு தூக்காதீங்க. அது ரொம்பப் பழசு. அடியில பிடிங்க," என்றாள் பெரியவள்.

அடியில் சுட்டது. அவர் கீழே வைத்துவிட்டார். பையன் ஒரு கிண்ணத்தைக் கொஞ்சம் நகர்த்தினான். பெரியவளின் கை தானாகப் போய் அதைப் பழைய இடத்துக்கே நகர்த்தியது.

"ஸாரி," என்றான் பையன்.

"ஐயோ, பரவாயில்ல தம்பி."

சுவர்க்கடிகாரம் ஓடுவது கேட்டது. குட்டி அம்மாவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். அந்தக் கழுத்துத் திருப்பத்தில் 'சொன்னேன் இல்ல?' என்று எழுதி ஒட்டியிருந்தது.

"அந்த ரூம்ல காத்து நல்லா வந்துச்சு இல்ல?" என்று பேக்கரிக்காரர் பொதுவாகக் கேட்டார்.

"ஆமா, நல்ல காத்து," என்றார் அவர் மனைவி.

யாரும் மனசு நோகும்படி எதுவும் சொல்லவில்லை. ஒருவர் பின் ஒருவராக, ரொம்ப மரியாதையாக எழுந்தார்கள். சமையலறையிலிருந்து வேறு டம்ளர்கள் வந்தன. கொஞ்ச நேரத்தில், ரொட்டித் தூளும் குழம்புக் கறையுமாகக் கிடந்த பறவை மேஜையிலிருந்து மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது.

கடல் மேஜையருகில் பெரியவள் தனியாக நின்றாள்.

தனியாக இல்லை. லிஃப்ட்காரர் எழுந்திருக்கவே இல்லை.

"நீங்களும் போங்க," என்றாள்.

"எனக்கு இங்கதான் டீ வேணும். காதைப் பிடிக்கலாமா, கூடாதா?"

"பிடிச்சுக்கோங்க."

அவர் உறிஞ்சிக் குடித்தார். துணிமேல் வட்டமாக ஒரு டீக் கறை விழுந்தது. பெரியவள் துடைக்கத் துணியை எடுத்தாள். எடுத்ததை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"பிடிக்கலன்னு யாரும் போகலம்மா. உடைச்சிடுவோமோன்னு பயந்து போயிட்டாங்க. பயந்துபோய் நிக்கறவங்களைத்தானே நான் தினமும் பாக்கறேன்."

அவள் பதில் சொல்வதற்குள் சின்னவள் வந்துவிட்டாள். கையில் தன் டம்ளர். கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேஜையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள்.

"இந்த மீன் தட்டை நான் கப்பல்காரர் கடையில ரெண்டு தடவை கையில எடுத்துட்டுத் திரும்ப வச்சிட்டேன் அக்கா. இதை எங்க வைக்கறதுன்னே எனக்குத் தெரியல. நீ வச்சதும்தான் தெரியுது." பெருமூச்சு விட்டாள். "எனக்கு வயிறு எரியுது."

"உனக்கா?"

"பின்ன? உன் மழை மேஜையை அப்படியே பாத்து நானும் போட்டேன், நினைவு இருக்கா? நூறு பேர் பாராட்டினாங்க. எனக்குத்தான் தெரியும், அது உன்னோடதுல பாதிகூட இல்லன்னு. உன் பேரைச் சொல்லியிருக்கணும். சொல்லல. மனசு வரல."

பெரியவள் ஒரு முத்துக் கோப்பையில் டீ ஊற்றித் தங்கை முன் நகர்த்தினாள்.

"காதைப் பிடிச்சே தூக்கு," என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். லிஃப்ட்காரர், சிக்கிக்கொண்ட லிஃப்ட் நகர்ந்துவிட்ட திருப்தியோடு எழுந்து ஹாலுக்குப் போனார்.

* * *

பெரியவள் சமையலறையில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பையனின் அம்மா டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஐயோ, நீங்க எதுக்கு? வச்சிடுங்க."

"இருக்கட்டும் சம்பந்தி. ரெண்டு கை கூட இருந்தா சீக்கிரம் முடியும்." துண்டை எடுத்துத் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தார். "எல்லாம் நல்லபடியா அமைஞ்சிடுச்சு. உங்க தங்கச்சிக்குத்தான் நன்றி சொல்லணும். இந்தக் காலத்துல வீடு கிடைக்கறது என்ன லேசா? ரெண்டு பேரும் அலையாம, தன் வீட்டு மாடியையே குடுத்துட்டாங்களே."

பெரியவளின் கை தண்ணீருக்குள் நின்றது.

"கல்யாணம் முடிஞ்சதும் நேரா அங்கயே குடி போயிடலாம்னு சொன்னாங்க. பெயிண்ட்கூட அடிச்சாச்சாம். நீலம். உங்க பொண்ணேதான் கலரைத் தேர்ந்தெடுத்தாளாம்." அவர் சட்டென்று நிறுத்திவிட்டுப் பெரியவளின் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியும்தானே?"

போன வாரம் குட்டியின் முழங்கையில் ஒரு நீலத் திட்டு இருந்தது. கேட்டதற்கு, "அவரோட க்ளினிக்ல கதவுக்குப் பெயிண்ட் அடிச்சாங்கம்மா, சாய்ஞ்சுட்டேன்" என்றாள். பெரியவளே எண்ணெய் தொட்டுத் தேய்த்து அதை எடுத்துவிட்டாள்.

"தெரியாம இருக்குமா?" என்றாள் பெரியவள். குரல் எப்படியோ சரியாகவே வந்தது. "பெத்தவளாச்சே."

"அதானே பாத்தேன்!" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, அவர் துடைத்த தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பெரியவள் குழாயை மூடினாள். விரல் விரலாகக் கையைத் துடைத்தாள். கதவு வழியாகப் பார்த்தால் ஹால் தெரிந்தது. பேக்கரிக்காரர் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். குட்டி, சித்தியின் தோளில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். சாய்ந்து பழகின தோள் என்பது பார்த்தாலே தெரிந்தது. சின்னவளின் கை அவள் முடியைக் கோதிக்கொண்டிருந்தது.

கொஞ்சம் முன்னால் அந்தக் கைக்குத்தான் முத்துக் கோப்பையை நகர்த்தினாள். அப்போதுகூடச் சின்னவள் இதைச் சொல்லவில்லை. மழை மேஜையைப் பற்றிச் சொல்ல மனசு வந்தது, மாடியைப் பற்றிச் சொல்ல வரவில்லை.

"குட்டி," என்று கூப்பிட்டாள் பெரியவள். குரல் அவ்வளவு இனிமையாக இருந்ததால் லிஃப்ட்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஒரு நிமிஷம் இங்க வந்துட்டுப் போ."

"என்னம்மா?"

"வா, சொல்றேன். சித்தியையும் கூட்டிக்கிட்டு வா."

சித்தியும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு பார்வை போதும். இனிமேல் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இருந்தாலும் அவர்கள் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

இரண்டு பேரும் உள்ளே வந்ததும், பெரியவள் சமையலறைக் கதவைச் சாத்தினாள்.